கடைவாசலுக்கு வரும் பூனை யாருடையது?

பஞ்சு வியாபாரிகள் நால்வர் சேர்ந்து பூனை வளர்த்த மரியாதைராமன் கதையை வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. கிட்டங்கியில் எலித்தொல்லை. நால்வரும் பணம் போட்டு ஒரு பூனை வாங்கினார்கள். ஆளுக்கொரு கால் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் பூனையின் ஒரு காலில் அடிபட்டது. அந்தக் காலுக்குரியவர் எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டினார். துணியில் விளக்கின் தீ பற்றிக்கொள்ள, மிரண்ட பூனை பஞ்சுப் பொதிகளுக்குள் ஓடியது. கிட்டங்கி முழுவதும் சாம்பலாயிற்று. காயம்பட்ட காலுக்குரியவர்தான் நட்டத்தைத் தரவேண்டும் என்று மற்ற மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். மரியாதைராமன் தீர்ப்பைத் திருப்பிப் போட்டார். அடிபட்ட கால் ஓடியிருக்க முடியாது. பூனையைப் பஞ்சுக்குள் கொண்டு போனவை நல்ல கால்கள் மூன்றுமே. ஆகவே அந்த மூவர்தாம் நான்காமவருக்கு நட்ட ஈடு தரவேண்டும் என்றார்.

தீர்ப்பைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் எந்தத் தீர்ப்பாலும் எரிந்த பஞ்சு திரும்பி வரவில்லை. எலி பிடிக்கும்போது பூனை நால்வருக்கும் சொந்தமாக இருந்தது. நட்டம் வந்தபோது உன் கால், என் கால் என்று ஆயிற்று. பூனையை வாங்குவதற்கு முன்பே பொறுப்பு யாருடையது என்று பேசி முடித்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

இந்தக் கதைக்கு இன்றும் நம் கடைத்தெருவில் வேலை இருக்கிறது. புளியங்குடி என்றால் வெளியூர் வியாபாரிகளுக்கு எலுமிச்சைதான் நினைவுக்கு வரும். எலுமிச்சை மண்டிகளோடு அரிசிக்கடை, மளிகைக்கடை, கருவாட்டுக்கடை, தீவனக்கடை என்று நூறு வகை வியாபாரம் இங்கு நடக்கிறது. தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்துக்குப் பூனை வரும். காலையில் கடை திறக்கப் போகும்போது குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று முகம் சுளிக்கிற அதே பூனைக்கு, மதியம் கடைவாசலில் மீன் தலையைப் போடுகிறோம். இரக்கத்தால் செய்கிறோம், எலியைப் பிடிக்கட்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. இரண்டிலும் தவறில்லை. ஆனால் அந்தப் பூனை யாருடையது என்ற கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

சோறு வைத்ததால் வந்த வழக்கு

பூனைக்காக யாராவது கோர்ட்டுப் படி ஏறுவார்களா என்று கேட்கலாம். லண்டன் மாநகரின் ஹாமர்ஸ்மித் பகுதியில் ஏறினார்கள். ஒரு தம்பதியின் 'ஓஸி' என்ற பூனைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு பெண்மணி தொடர்ந்து உணவு கொடுத்து வந்தார். பூனையும் அங்கேயே நேரத்தைக் கழிக்கத் தொடங்கியது. வேண்டாம் என்று உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. பூனையின் கழுத்துப் பட்டையைக் கழற்றி, வேறு பட்டையை அவர் மாட்டிவிட்டார் என்றும் புகார் எழுந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இழுத்த இந்த விவகாரம், 2020 ஜனவரியில் முழு விசாரணைக்குப் போகாமல் சமரசமாக முடிந்தது. இனி அந்தப் பூனைக்கு உணவு கொடுப்பதில்லை, வீட்டுக்குள் விடுவதில்லை என்று அப்பெண்மணி உறுதி அளித்தார். தம்பதிக்கு ஆன வழக்குச் செலவு 20,000 பவுண்டுக்கும் மேல். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய்.

ஓர் உண்மையை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பூனை நாயைப் போல ஒரே வாசலில் கிடக்கும் பிராணி அல்ல. காலையில் ஒரு வீட்டில் தின்று, மதியம் ஒரு கடையில் தூங்கி, இரவு மூன்றாவது கூரையில் திரியும். நம் கடைக்குப் பசியோடு வந்து கத்துவதாலேயே அது அநாதை என்று முடிவு கட்டக்கூடாது. வயிறு நிறையத் தின்ற பூனையும் கருவாட்டு வாசனைக்குக் கத்தத்தான் செய்யும்.

நம் ஊரில் பூனைக்காக வழக்கு வராது, மனவருத்தம் வரும். பின்தெருவில் ஒரு வீட்டார் நோயுற்ற பூனைக்குக் கால்நடை மருத்துவர் சொன்ன உணவை மட்டும் கொடுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அறியாமல் உப்புக் கருவாடு போடுகிறார். பூனைக்கு நோய் முற்றுகிறது. வீட்டார் சண்டைக்கு வரமாட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து மளிகைச் சாமானை வேறு கடையில் வாங்குவார்கள், அவ்வளவுதான். காரணம் நமக்குத் தெரியாமலே ஒரு வாடிக்கை போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமை அலுவலகம் நீண்ட காலம் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தில் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தை வணிகர்கள் கவனிக்க வேண்டும். விலைக்கு வாங்கியவர் மட்டும் உரிமையாளர் அல்லர். அப்போதைக்கு அந்தப் பிராணியைத் தம் வசத்திலோ பாதுகாப்பிலோ வைத்திருப்பவரும், உண்மையான உரிமையாளரின் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் சொல்லுக்குள் அடங்குவார். எப்போதோ ஒரு மீன்துண்டு போடுகிறவரை இது பிடிக்காது. ஆனால் பூனையைக் கிட்டங்கியில் அடைத்து வைத்து எலி பிடிக்க விடுகிறவர், 'இது என் பூனை இல்லை' என்று கையை உதற முடியாது. அதன் பசி, நோய், துன்பம் ஆகியவற்றைக் கவனிக்கும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. பசியால் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவதும் அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றமே.

மறுபக்கத்தையும் பார்ப்போம். சோறு வைத்ததால் பூனை நமக்குச் சொந்தமாகிவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வணிகர்களுக்குப் பழக்கமானது. பிறருக்குரிய பொருளைக் கண்டெடுத்துத் தம் வசத்தில் வைப்பவர், ஒப்படைப்பாகப் பெற்றவரைப் போலவே அதைக் காக்கவேண்டும் என்கிறது அதன் 71-ஆவது பிரிவு. கண்டெடுத்தவர் தாமாக முன்வந்து செய்த செலவுக்காக உரிமையாளர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது 168-ஆவது பிரிவு. பூனையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவுகள் அல்ல இவை. என்றாலும் நியாயம் அதேதான். ஒரு வருடம் பால் ஊற்றிய கணக்கைக் காட்டி அடுத்தவர் பூனையைக் கேட்க முடியாது.

பூனையைக் கொல்வதும் விஷம் வைப்பதும் இதையெல்லாம்விடக் கடுமையான விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, கேடு விளைவிக்கும் நோக்கத்தோடு பிராணியைக் கொல்வோருக்கும், விஷம் கொடுப்போருக்கும், ஊனப்படுத்துவோருக்கும் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று பிராணியின் மதிப்பைப் பார்த்தார்கள். இப்போது மதிப்பு பார்ப்பதில்லை. எந்தப் பிராணியானாலும் ஒன்றே.

ஒரு கையில் பால், மறு கையில் விஷம்

மளிகைக்கடைக்காரர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று ஒரு பழமொழி உண்டு. நம் கடைகளில் நடப்பது அதைவிட விசித்திரம். பகலில் பூனைக்குச் சோறு; இரவில் ஷட்டரை இறக்கும்போது எலிக்கு விஷம்.

கடைகளில் இன்று பெரிதும் புழங்குவது புரோமடையலோன் கலந்த எலிவிஷக் கட்டி. இது இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்கிறது. தின்றவுடன் எலி சாகாது. சில நாட்கள் நடமாடும். நாளாக நாளாகத் தளர்ந்து மெதுவாக ஓடும். அப்படிப்பட்ட எலிதான் பூனைக்கு முதலில் சிக்கும். விஷமுண்ட எலிகளைத் தின்னும் பூனைக்கும் உடலுக்குள் இரத்தக் கசிவு ஏற்படும். ஈறு வெளுத்துப்போதல், மூச்சு வாங்குதல், மூக்கிலோ மலத்திலோ இரத்தம், எழ முடியாத சோர்வு ஆகியவை அடையாளங்கள். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது. ஆனால் காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். கரும்பொடியாக வரும் சிங்க் பாஸ்பைடு வயிற்றுக்குள் நச்சுவாயுவாக மாறிக் கொல்வது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழக அரசு தடை செய்துவிட்டது. பழைய சரக்கு எங்காவது மூலையில் கிடந்தால், பூனைக்காக மட்டுமல்ல, மனித உயிர்களுக்காகவும் அதை அப்புறப்படுத்த வேண்டும். பசை தடவிய எலி அட்டைகளையும் பயன்படுத்த வேண்டாம் என்று விலங்குகள் நல வாரியம் அறிவுறுத்தியிருக்கிறது. அவற்றில் அணிலும் பூனைக்குட்டியும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கின்றன.

ஆகவே பூனையைக் கடைப்பக்கம் வரவிடுகிறவர் விஷத்தை விடவேண்டும். விஷம் வைத்தே தீரவேண்டிய நிலை என்றால், பூனைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுவதை நிறுத்தவேண்டும். விஷம் வைக்கும் நாட்களை அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்வது மரியாதை. கட்டியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கிக் குழியில் புதைக்க வேண்டும். இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் இரண்டையும் செய்தால், ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை தேடிக்கொண்டிருக்கும் பூனை நம் கிட்டங்கியின் பின்புறம் செத்துக் கிடக்கும்.

பூனை இருந்தால் எலி ஒழியுமா?

1868-ஆம் ஆண்டில் லண்டன் மணியார்டர் அலுவலகத்தில் எலிகளை விரட்ட மூன்று பூனைகளை வேலைக்கு வைத்தார்கள். அவற்றின் உணவுக்கு வாரம் இரண்டு ஷில்லிங் கேட்டதற்கு ஒரு ஷில்லிங்தான் கிடைத்தது. மீதிச் சம்பளத்தை எலி பிடித்து ஈடுகட்டிக்கொள்ளட்டும் என்றார் மேலதிகாரி. சோறு வைத்தால் பூனை சோம்பேறியாகிவிடும் என்று நம்மிலும் பலர் நினைக்கிறோம். உண்மையில், பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலி ஓடினால் பாயும். பட்டினி கிடக்கும் பூனை குப்பைத்தொட்டியைத்தான் முதலில் தேடும்.

அதே சமயம் பூனையின் திறமையை மிகைப்படுத்தவும் வேண்டாம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எலிகள் நிறைந்த ஒரு கழிவுப்பொருள் கிடங்கில் தெருப்பூனைகள் செய்வதை 79 நாட்கள் கேமராவில் பதிவு செய்து ஆராய்ந்தனர். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அத்தனை நாளில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. பூனை நடமாடினால் எலிகள் வெளியே தலைகாட்டாமல் பதுங்குகின்றன. அதனால் எலி குறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. சுண்டெலியைப் பூனை பிடிக்கும். வளர்ந்த பெரிய எலியிடம் தயங்கும். பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும். ஆகவே வளைகளைச் சிமெண்ட் வைத்து அடைப்பது, கதவின் அடியில் தகடு அடிப்பது, மூட்டைகளைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குவது, சிந்திய தானியத்தை இரவே கூட்டி அள்ளுவது, பொறி வைப்பது ஆகியவையே எலிக்கு முதல் மருந்து. பூனை அதற்குத் துணை, மாற்று அல்ல.

கடைக்கு உள்ளேயா, வெளியேயா?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இல் வந்தது. அதன்கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காவது அட்டவணை, உணவுப்பொருள் கையாளும் இடத்துக்குள் பிராணிகள் நுழையக்கூடாது என்கிறது. எலியை உள்ளே விட்டாலும் தவறு. எலிக்காகப் பூனையை உள்ளே விட்டாலும் தவறு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வரும்போது அரிசி மூட்டைமேல் பூனை படுத்திருந்தால், அதற்கு விளக்கம் சொல்வது கடினம்.

காரணம் இல்லாமல் வந்த விதி அல்ல. திறந்த சாக்கில் பூனை சிறுநீர் கழித்தால் மூட்டை முழுவதும் வீணாகும். டாக்சோபிளாஸ்மோசிஸ் என்னும் நோய் பூனையின் மலம் வழியாகப் பரவக்கூடியது. கருவுற்ற பெண்களுக்கு அது ஆபத்து. வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. பூனை கடித்தாலும் கீறினாலும் வரலாம். கடி, கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கு இலவசம். கடைப் பையன்களிடம் இதைச் சொல்லி வைப்பது முதலாளியின் கடமை.

ஆகவே பூனைக்கு வைக்கும் உணவு கடைக்கு வெளியே, பின்பக்கமாக, வாடிக்கையாளர் நடக்கும் வழியைவிட்டு விலகி இருக்கட்டும். உள்ளே வரும் பழக்கமுள்ள பூனையை அடித்து விரட்ட வேண்டியதில்லை. எலுமிச்சைத் தோலின் வாசனை பூனைக்குப் பிடிக்காது. படுக்கும் மூலையில் கொஞ்சம் போட்டு வைத்தால் பெரும்பாலும் இடத்தை மாற்றிக்கொள்ளும். நம் ஊரில் எலுமிச்சைத் தோலுக்கா பஞ்சம்? ஆனால் எலுமிச்சைச் சாற்றையோ எண்ணெயையோ பூனையின் மேல் தெளிக்கக்கூடாது. நக்கினால் அதற்குக் கெடுதல்.

விசாரித்து அறியும் வழி

புதிய பூனை ஒன்று நாலைந்து நாள் தொடர்ந்து வந்தால், சோற்றுக்கு முன் விசாரணை வேண்டும். கடைக்காரரைப் போல இதற்கு வசதியானவர் வேறு யாரும் இல்லை. தெருவில் உள்ள அத்தனை வீட்டாரும் ஒரு நாளில் ஒருமுறையாவது நம் கடைக்கு வருகிறார்கள்.

"அக்கா, இந்தச் செவலைப் பூனை உங்க தெருவுல யார் வீட்டுது?"

"எங்க வீட்டுதுதான் அண்ணாச்சி. வயித்துக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருக்கோம். நீங்க ஒண்ணும் வைக்காதீய."

இவ்வளவுதான் விசாரணை. ஒரு நிமிடம்கூட ஆகாது. வைக்காதீர்கள் என்று உரிமையாளர் சொன்னால் அதுவே முடிவு. நமக்கு எவ்வளவு பிரியமிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

பூனையின் உடம்பே சில செய்திகளைச் சொல்லும். கழுத்தில் பட்டையோ மணியோ இருக்கலாம். ரோமம் பளபளப்பாகவும் வயிறு ஒட்டாமலும் இருந்தால், ஆள் அருகில் போனதும் காலில் உரசினால், வீட்டுப் பூனையாக இருக்க வாய்ப்பு மிகுதி. காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், கருத்தடை அறுவை செய்து மீண்டும் விடப்பட்ட பூனை என்பது பல நாடுகளில் வழங்கும் அடையாளம்.

யாரைக் கேட்டும் தெரியவில்லை என்றால் மேல்நாடுகளில் பிராணிநலத் தொண்டர்கள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு காகிதத் துண்டில், 'இந்தப் பூனை உங்களுடையதா? தினமும் எங்கள் கடைக்கு வருகிறது. தயவுசெய்து தெரிவிக்கவும்' என்று எழுதி, கடையின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, பூனையின் கழுத்தில் தளர்வாகச் சுற்றி ஒட்டிவிடுவது. வீட்டுக்குப் போனதும் உரிமையாளர் படித்துப் பார்த்துச் செய்தி அனுப்புவார். பொட்டலம் கட்டும் காகிதமே போதும். ஆனால் சணல் நூலாலோ பிளாஸ்டிக் கயிற்றாலோ ஒருபோதும் கட்டக்கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டால் காகிதம் கிழியும். கயிறு கழுத்தை இறுக்கிவிடும். தொடவிடாத பூனையிடம் இதை முயலவும் வேண்டாம். ஒரு வாரமாகியும் பதில் வராமல், கடைப்பலகையில் எழுதி வைத்தும் யாரும் கேட்காவிட்டால், அதற்கு ஆள் இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதித்திருக்கிறார்கள். உரிமம் பெறவேண்டும், உரிமையாளரைக் காட்டும் மின்னணுச் சில்லையும் பூனையின் தோலுக்கடியில் பொருத்த வேண்டும். நம் ஊருக்கு அத்தனை ஏற்பாடு வேண்டாம். எளிதில் கழன்றுகொள்ளும் பட்டை ஒன்றில் தெருப்பெயரை எழுதி மாட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஆளில்லாத பூனை என்றால்

அப்போது சோறு வைப்பது நல்ல காரியம். நம் கடைத்தெருவில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறோம். வாயில்லா ஜீவனுக்குச் சோறிடுவதைப் புண்ணியம் என்று எண்ணாத குடும்பம் இல்லை. இசுலாமியப் பெருமக்கள் பூனையைத் தூய பிராணியாகக் கருதுகிறார்கள். நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டிக்காரர் என்ற பொருள் உண்டு. 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், யாரும் உரிமை கோராத பிராணிகளைச் 'சமூகப் பிராணிகள்' என்று குறிப்பிட்டு, அவற்றுக்கு உணவளிக்கும் இடத்தையும் நேரத்தையும் குடியிருப்போர் கலந்து பேசி ஒழுங்கு செய்துகொள்ள வழி சொல்கின்றன.

என்ன கொடுக்கலாம்? உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன், சிறிது சோறு, வேகவைத்த முட்டை ஆகியவை போதும். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் கட்டாயம். பூனைக்குப் பால்தான் உணவு என்பது பழைய எண்ணம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஏற்படும். வெங்காயம், பூண்டு சேர்ந்த சாம்பார் சோறும் குழம்பும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். உலர்திராட்சை, சாக்லேட் கூடாது. காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுத்தாலும் உயிருக்கே ஆபத்து. குறித்த நேரத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கிடக்கும் மிச்சம் எலிக்கு விருந்தாகிவிடும்.

சோற்றோடு நிறுத்தினால் வேலை பாதிதான். பெண்பூனை ஆறு மாத வயதிலேயே சினையாகக்கூடும். இரண்டு மாதம் சற்றுக் கடந்ததும் குட்டி போடும். ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் சாதாரணம். இன்று ஒரு பூனைக்குச் சோறு வைக்கும் கடை, ஓராண்டில் பத்துப் பூனைக்கு வைக்கவேண்டி வரும். பிறகு மனம் வெறுத்துக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விடுவோம். அந்தப் பாவத்துக்கு முன்பே சோறு வைக்காமல் இருந்திருக்கலாம். ஆகவே கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் சோற்றின் தொடர்ச்சி. அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. ஒரே கடைக்குச் செலவு பாரமாகத் தோன்றலாம். நான்கு கடைகள் பங்கிட்டால் தெரியாது.

சங்கம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒவ்வொரு கடைவீதியிலும் பொறுப்புள்ள ஒருவரை ஏற்படுத்தி, எந்தப் பூனைக்கு எந்தக் கடை சோறு வைக்கிறது, அதற்கு வீடு உண்டா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். எலிவிஷம் வைக்கும் நாளை வீதி முழுவதும் ஒன்றாகத் தீர்மானித்து முன்கூட்டியே அறிவிக்கலாம். ஒரு கடை விஷம் வைத்து அடுத்த கடை பூனை வளர்த்தால், எலி அங்கிருந்து இங்கு வரும். இங்குள்ள பூனை சாகும். கூட்டாகச் செய்தால்தான் இரண்டும் சரிப்படும். வருடத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரை அழைத்துத் தடுப்பூசி முகாம் நடத்தினால், வணிகர் சங்கத்தின் மேல் ஊராருக்கு நல்லெண்ணம் பெருகும்.

பஞ்சு வியாபாரிகளிடம் அன்பு இல்லாமல் இல்லை. அடிபட்ட காலுக்கு மருந்து போடும் அளவுக்கு ஒருவரிடம் இரக்கமும் இருந்தது. அவர்களிடம் இல்லாதது ஒரு பேச்சு. நாம் கடனுக்குச் சரக்குக் கொடுக்குமுன் ஆள் யார், வீடு எது என்று கேட்கிறோம். பூனைக்குத் தட்டு வைக்குமுன்னும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். வீடு இருந்தால் வீட்டாரின் சொல்லை மதிப்போம். வீடு இல்லையென்றால், விஷத்தை எடுத்துவிட்டுச் சோற்றை வைத்து, அதன் பொறுப்பை முழுமையாக ஏற்றுக்கொள்வோம்.